பதிமூன்றாம் செவ்வாய்

செவ்வாய்க்கிழமை போட்டி வைக்க வேண்டாம் என்று வின்சென்ட் மூன்று முறை மெயில் அனுப்பினான். முதல் மெயிலுக்குப் 'பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தது. இரண்டாவதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது. மூன்றாவதற்குப் பதிலாகப் போட்டியின் அழைப்பிதழே வந்துவிட்டது. ஆடி மாதத்தின் இரண்டாவது செவ்வாய், காலை பத்து மணி முதல். கீழே, ஒருங்கிணைப்பு என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது.

கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது அந்த ரிசார்ட். மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டுமே பனியை அறிந்த ஊரில், பனிச்சறுக்கு விளையாட ஒரு சரிவைக் கட்டியிருந்தார்கள். இருநூற்று நாற்பது மீட்டர் நீளத்துக்குப் பிரஷ்ஷைப் போல நார் நாராக நிற்கும் வெள்ளை பிளாஸ்டிக் பாய்கள். அதன்மேல் ஓயாமல் தண்ணீர் தெளித்தால் சறுக்குப்பலகை பனியில் போவது போலவே வழுக்கிக்கொண்டு போகும். காஷ்மீருக்குப் போகுமுன் பழகிக்கொள்வதற்காகக் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். உத்தமபாளையம் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பச்சை மலையில் யாரோ வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டது போல் தெரியும். ஊர்க்காரர்கள் அதை வெள்ளைப் பாய் என்றார்கள்.

"காசு குடுத்து விழுறதுக்கு இம்புட்டுத் தூரம் வர்றாக பாரேன். எங்க வீட்டுக் குளியலறையில சோப்பைப் போட்டு வைக்கிறேன், அங்கன வந்து சும்மாவே விழட்டும்" என்று ராஜாத்தி அக்கா டீக்கடையில் சொன்னது ரிசார்ட் ஊழியர்கள் வரை வந்து, அவர்களும் சொல்லிச் சிரிப்பதாகிவிட்டது.

வெள்ளைப் பாயின் அந்தப் பக்கம் ஒரு குருசடி. ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்படித்த சின்னக் கட்டடம், உள்ளே கையில் குழந்தையேசுவோடு அந்தோணியார். கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. ஊரிலிருந்து போகும் ஒற்றையடிப் பாதை இப்போது சரிவின் நட்டநடுவில் குறுக்கே போனது. மேலே பாறை. கீழே ஓடை, அதைச் சுற்றி வேலி. வேறு வழி கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் நிலம் கைமாறியபோது ஊர்க் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த வின்சென்ட், புதுச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக எழுந்து நின்றான். செவ்வாய் ரிசார்ட்டுக்கு வார விடுமுறை. அந்தோணியாருக்கும் செவ்வாய்தான் நாள். எந்தச் செவ்வாயும் சாயங்காலம் பாதை அடைபடாது, அதற்கு நான் பொறுப்பு என்றான். எல்லோரும் சரி என்றார்கள். சொன்னவன் வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் ஒருவேளை காகிதம் கேட்டிருப்பார்கள்.

இப்போது அந்தப் பாதையில் பன்னிரண்டு செவ்வாய் நடந்து முடித்திருந்தார்கள் அவனுடைய சித்தப்பா சூசைமுத்துவும் சித்தி வியாகுலமேரியும்.

சூசைமுத்து சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறியவர். மைக் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் குரல். போன ஆவணியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. வருகிற பேச்சு பெரும்பாலும் முதல் வருடத்தில் வந்துவிடும் என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். பதினோரு மாதம் ஆகிவிட்டது. அந்தோணியாருக்குப் பதிமூன்று செவ்வாய் விடாமல் நடந்து மெழுகுவத்தி ஏற்றுவதாக வியாகுலமேரி நேர்ந்துகொண்டாள். சாயங்காலம், கோயிலில் ஆறு மணி அடிப்பதற்குள் ஏற்ற வேண்டும். இடையில் ஒரு செவ்வாய் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

ஒன்பதாவது செவ்வாய் அன்று குருசடி முன்னால் அவர் 'ஏ' என்றாராம். சித்தி சத்தியம் செய்தாள். வின்சென்ட் அப்போது பக்கத்தில் இல்லை.

திங்கட்கிழமை மாலை மேனேஜர் கர்ணனின் அறைக்குப் போனான். கர்ணன் கோயம்புத்தூர்க்காரர். கோபப்பட மாட்டார். அவரிடம் வின்சென்ட்டுக்கு இருந்த பெரிய பிரச்சினையே அதுதான். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம்.

"சார், நாளைக்குச் சாயங்காலம் இருபது நிமிஷம் மட்டும் போட்டிய நிறுத்தணும். ரெண்டே ரெண்டு பேரு. குறுக்கே போயிருவாக."

"பண்ணிரலாங்க வின்சென்ட். ஆனா ஸ்லோப்புக்குள்ள வெளியாளு கால் வச்சா இன்சூரன்ஸ் நிக்காதுங்க. பேட்டரி வண்டி அனுப்பட்டுங்களா?"

"வண்டி போற பாதை இல்ல சார் அது."

கர்ணன் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஏனுங்க, அந்தச் சிலையவே கேட்டுப் பக்கம் கொண்டாந்து வச்சுட்டா? கிரானைட் போட்டு, லைட் வச்சு, சுத்தி நாலு செடி. கம்பெனி செலவுலயே பண்ணிரலாம். உங்க ஊரு ஜனமும் நடக்க வேண்டியதில்லைங்களே."

"நடக்குறதுதான் சார் நேர்ச்சை."

"அப்புடிங்களா" என்று கர்ணன் மரியாதையாகக் குறித்துக்கொண்டார். "சரி, அஞ்சு மணிக்குப் போட்டி முடிஞ்சுருமுங்க. அஞ்சேகாலுக்கு விட்டுரலாம். பார்த்துக்கலாம்."

வின்சென்ட் சித்தி வீட்டுக்குப் போய்ச் சொன்னான். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சேகாலா?" என்றாள் வியாகுலமேரி. "உங்க சித்தப்பா நடைக்கு அந்தப் பாயைத் தாண்டவே பத்து நிமிஷம் ஆவும்லே. காத்து வேற இந்தா அடி அடிக்குது, தீக்குச்சி ஒரு பெட்டி தீந்துபோவுது ஏத்துறதுக்குள்ள."

"அதுக்குள்ள முடிச்சுரலாம் சித்தி. நான் கூடவே இருப்பேன்."

"நீ எங்கன இருந்து என்ன. அந்த மேனேசரு இருக்கணும்ல."

போட்டி அன்று காலையிலிருந்தே காற்று. ஆடிக் காற்று பள்ளத்தாக்கில் நுழைந்தால் ஒழுங்காக ஒரு பக்கமிருந்து அடிக்காது. வீரர்கள் சுற்றி வளைந்து போவதற்காகச் சரிவில் நட்டிருந்த சிவப்பு, நீலக் கம்புகள் சாய்ந்தன. தெளிக்கிற தண்ணீரைக் காற்று அள்ளிப் பார்வையாளர்கள் மேல் கொட்டியது. பன்னிரண்டு மணிக்கு வீரர்களின் நேரத்தை அளக்கும் கருவி நின்றுபோனது. அதைச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம். நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு சுற்று. நாலரை மணிக்கு வின்சென்ட் கணக்குப் போட்டுப் பார்த்தான். எப்படிப் போட்டாலும் ஆறரைக்கு முன் முடியாது.

கேட்டுக்கு ஓடினான். அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். சூசைமுத்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இடது கையால் தானே முகம் மழித்துக்கொள்வார். தாடையில் இரண்டு இடத்தில் கீறல். வெள்ளை வேட்டி. காவலாளி போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்புகளைக் கேட்டிலேயே கழற்றி வைத்திருந்தார்கள். குருசடிக்குப் போகும் பாதையில் யாரும் செருப்போடு நடப்பதில்லை.

"கொஞ்ச நேரம் சித்தி."

"கொஞ்ச நேரம்னா?"

அவன் பந்தலை நோக்கித் திரும்பினான். கர்ணன் விருந்தினர் பந்தலில் யாருக்கோ இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சேகாலுன்னு சொன்னீங்க."

"சொன்னனுங்க. மிஷின் இப்புடிப் பண்ணும்னு தெரியாதுங்களே. விளையாடறவங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லைங்க. கேட்டுப் பாருங்களேன்."

அதாவது, மறுக்கிற வேலையை அவர்களிடம் தள்ளிவிட்டார்.

வின்சென்ட் சரிவின் ஓரப் படிகளில் மேலே ஏறினான். மேலே தேவயானி தன் இரண்டு பலகைகளையும் தலைகீழாகப் போட்டு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் மென்பொருள் வேலை செய்யும் மதுரைப் பெண். ஒன்றரை வருடமாக மாதம் இரண்டு முறை வருகிறாள். வீரர்களில் அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

அவளுக்கும் சித்திக்கும் பழக்கம் உண்டு. அடியில் மெழுகு தேய்த்தால்தான் பலகைக்கு வேகம் வரும். இந்தப் பாயோ மெழுகைத் தின்றுவிடும். மே மாதம் ஒரு விடுமுறைச் செவ்வாய், ரிசார்ட்டிலேயே தங்கியிருந்தபோது கொண்டுவந்த மெழுகு தீர்ந்துபோய், தேவயானி குருசடிக்குப் போய் எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது சித்தி பார்த்துவிட்டாள்.

"என்னத்தா தேடுற?"

"சாரி ஆன்ட்டி. கொஞ்சம் மெழுகு... இதுல தேய்ச்சா வேகமா போகும்."

"அந்தோணியார் மெழுகு தேச்சா வேகமாத்தான் போவும். ஆனா கேட்டுட்டு எடுக்கணும்" என்று சித்தி பாக்கெட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து நீட்டினாள். "பழசு எதுக்கு, இந்தா. விழுகாமப் போ."

இப்போது வின்சென்ட் சொல்லச் சொல்ல தேவயானியின் கை தேய்ப்பதை நிறுத்தியது.

"ஆன்ட்டியா? வெளியவா நிக்கிறாங்க?" என்றாள். பிறகு சரிவைப் பார்த்தாள். "வின்சென்ட், இப்ப ரெண்டாவது சுத்து பாதியில இருக்கு. பதினெட்டு பேர் இறங்கியாச்சு. இப்ப நிறுத்தினா இந்தக் காத்துல பாய் காஞ்சிடும். மறுபடி நனைஞ்சு பழைய வேகம் வர கால் மணி நேரம். முதல்ல போனவங்களுக்கு ஒரு பாய், எங்களுக்கு ஒரு பாயா? நான் இப்ப ரெண்டாவது இடத்துல இருக்கேன். முதல் ரெண்டு பேருக்குத்தான் காஷ்மீர்ல குளிர்கால கேம்ப். எனக்கு வயசு முப்பத்தொண்ணு. அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க."

"புரியுதுங்க."

"முடிஞ்ச உடனே நானே அவங்களைக் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

"முடியுறப்ப மணி ஆறு தாண்டிரும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது வின்சென்ட்டுக்கு எரிச்சலாக இருந்தது. கர்ணன் சொன்னதிலும் தப்பில்லை. எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள். நியாயமாகப் பேசப் பேச மணி ஐந்து இருபது ஆகிவிட்டது.

படியிறங்கும்போது மோட்டார் அறை கண்ணில் பட்டது. உள்ளே மோட்டார் பார்க்கும் சுரேஷ்கண்ணன் கால்மேல் கால் போட்டு போனில் போட்டியை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டி நூறு அடி தள்ளித்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஏலே, தண்ணிய நிறுத்து."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"மேனேசரு?"

"பிரஷர் இல்லன்னு நான் சொல்லிக்கிறேன். ஒம்மேல வராது."

சுரேஷ்கண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "உன் மூஞ்சியப் பாத்தா பிரஷர் நெறையத்தான் இருக்கு" என்று எழுந்து வால்வை மூடினான்.

தண்ணீர் நின்றது. காற்று மிச்சத்தைத் துடைத்தெடுத்தது. அடுத்து இறங்கியவர் பாதிச் சரிவில் வேகம் செத்து, கைக்கம்பை ஊன்றித் தள்ளித் தள்ளிக் கீழே வந்தார். மேலிருந்து மலையாளத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். வாக்கிடாக்கியில் கர்ணன் கேட்டார். "பிரஷர் குறைஞ்சிருச்சு சார். பத்து நிமிஷம்" என்றான் வின்சென்ட். மூன்று வருடத்தில் அவன் அவரிடம் சொன்ன முதல் பொய். அது மிகச் சுலபமாக வந்தது.

அவர்களை அழைத்து வந்தான். சூசைமுத்து பாயின் விளிம்பில் நின்று இடது காலை முதலில் வைத்தார். பிரஷ் நார்கள் வெறுங்காலைக் குத்தியிருக்கும், முகத்தைச் சுளித்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்தார். முப்பது மீட்டர். நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். மேலே பலகைகளோடு வரிசையாக நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வின்சென்ட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. தூக்கினால் அது நடந்ததாகாது.

அக்கரை சேர்ந்தபோது ஐந்து ஐம்பது. வாக்கிடாக்கி மூன்று முறை அலறிவிட்டது. வின்சென்ட் சுரேஷ்கண்ணனுக்குக் கை காட்டினான். தண்ணீர் மறுபடி பீய்ச்சியது.

வியாகுலமேரி தன் சேலைத் தலைப்பைக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நான்காவது குச்சியில் மெழுகுவத்தியை ஏற்றினாள். முழங்காலிட்டாள். சூசைமுத்து நின்றபடியே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். கோயிலில் மணி அடித்தது. மணி ஓய்ந்து வெகு நேரம் ஆகியும் அவள் எழவில்லை. கடைசியில் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள் மெதுவாக. "ஏதாச்சும் ஒண்ணு. என்னத்தையாச்சும்."

அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினார்.

"சரி" என்றாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "பதிமூணும் முடிஞ்சது. நான் சொன்னதை நான் செஞ்சுட்டேன். வாங்க, வீட்டுக்குப் போவம். மாத்திரை போடணும்."

அப்போதுதான் வின்சென்ட்டுக்கு உறைத்தது. திரும்பிப் போவதை அவன் யோசிக்கவே இல்லை. எந்தச் செவ்வாயும் சரிவில் ஆள் இருந்ததில்லை. வருவதும் போவதும் அவன் மனதில் ஒரே நடையாகவே இருந்தது. எதிரே பாய் நனைந்து பளபளத்தது. விளக்குகளைப் போட்டிருந்தார்கள். போட்டியை மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

வாக்கிடாக்கியை எடுத்தான். "சார், ரெண்டு பேரும் இந்தப் பக்கம் இருக்காங்க. திரும்பணும்."

கொஞ்ச நேரம் இரைச்சல். "எந்தப் பக்கம்?" பிறகு, "ஓ, அதுக்குத்தான் பிரஷர் குறைஞ்சுதுங்களா." அப்போதும் அவர் கத்தவில்லை. "அங்கயே உக்காரச் சொல்லுங்க வின்சென்ட். பரிசு குடுத்து, விருந்து முடிஞ்சதும் பார்த்துக்கலாம். இனிமே செவ்வாயும் கேட்டைத் திறக்க வேண்டாங்க. நாளைக்குக் காலைல நோட்டீஸ் ஒட்டிருங்க. நீங்களே ஒட்டுங்க, உங்க ஊருதானுங்களே."

சித்திக்கும் அது கேட்டது. "ராஜாத்தி அடுத்த செவ்வா நடக்கத் தொடங்குறா" என்றாள். "முனீஸ்வரியும் நேத்துதான் நேர்ச்சைக்கு என்கிட்ட பேரு குடுத்தா. அவுககிட்ட நீ என்ன சொல்லுவ?"

சூசைமுத்துவின் வலது கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. அங்கே உட்கார ஒரு கல்கூட இல்லை. ஒருவர் சறுக்கி இறங்கினார். அடுத்தவர் கிளம்ப ஒரு நிமிடம் இருக்கும். வின்சென்ட் பாயில் இறங்கி நடுவில் போய் நின்று, மேல்நோக்கி இரண்டு கையையும் விரித்தான்.

"வாங்க சித்தி. எனக்குக் கீழ்ப்பக்கமா வாங்க. மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

மேலே கொடியசைத்து ஆட்களை இறக்கிவிடுபவர் அவனைப் பார்ப்பதற்குள் ஒருவர் கிளம்பிவிட்டார். சிவப்புக் கம்பு, நீலக் கம்பு, சிவப்புக் கம்பு என்று வளைந்து வளைந்து அழகாக வந்தது அந்த உருவம். நெஞ்சில் முப்பத்தொன்று என்று எண். தேவயானி.

அவள் அவனைக் கண்டபோது இருவருக்கும் இடையே நாலு கம்பு இருந்தது. பலகையைக் குறுக்கே திருப்பினாள். தண்ணீர் சுவராக எழுந்தது. அவள் புரண்டு, ஓரத்து வலையில் மோதி, அங்கேயிருந்து வழுக்கி அவன் காலடிக்கு வந்து நின்றாள். ஒரு பலகை தனியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"அடி பட்டிருச்சா?" என்று குனிந்தான்.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். எழுந்து உட்கார்ந்து காலில் மிஞ்சியிருந்த பலகையைப் பார்த்தாள். காலணியைப் பிடிக்கும் பூட்டு உடைந்து தொங்கியது. குறுக்கே ஆள் வந்தால் மறுபடி ஒரு முறை இறங்க அனுமதிப்பார்கள். இறங்குவதற்குப் பலகை வேண்டும். அவளிடம் வேறு இல்லை.

"முடிஞ்ச உடனே நானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல!" என்று கத்தினாள். "சொன்னேன்ல வின்சென்ட்! ஒரு அரை மணி நேரம் உங்களால பொறுக்க முடியலையா?"

அவள் அழத் தொடங்கினாள். கர்ணன் இளநீர்க் கறை படிந்த வெள்ளைச் சட்டையோடு படிகளில் ஓடி வந்துகொண்டிருந்தார். வியாகுலமேரி நின்றுவிட்டாள்.

"மன்னிச்சுக்க தாயி" என்றாள். "எங்களாலதான்."

தேவயானி நிமிரவில்லை. வியாகுலமேரி கணவனை மெல்ல முன்னால் தள்ளினாள். அவர் நகரவில்லை. அவள் தோளிலிருந்து கையை எடுத்தார். தனியாக, வலது காலை இழுத்து, இரண்டடி வைத்து தேவயானியின் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. மூச்சு மட்டும் வந்தது. மூடி, மறுபடி திறந்தார்.

கர்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "சரிங்கய்யா, பரவால்லைங்க, போலாங்க" என்று அவர் முழங்கையைத் தொட்டார்.

சூசைமுத்து அந்தக் கையை உதறினார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் வியாகுலமேரி. "அவுக ஏதோ சொல்ல வர்றாக."

மேலிருந்து முப்பத்திரண்டாம் எண்காரர், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். தண்ணீரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது எல்லோர் மேலும் பெய்துகொண்டிருந்தது. சூசைமுத்துவின் வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்றாவது முறையாக வாயைத் திறந்தார்.

தேவயானி அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் காதை மூடியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினாள்.